பண்டாரவளையில் நின்ற பாதை

1894ஆம் ஆண்டிலே புகையிரதம் பண்டாரவளைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பதுளை நகரம் இருப்புப் பாதை வழியே ஏறத்தாழ 21 மைல் தொலைவிலுள்ளது. தலைச்சுமையுடன் விடியற்காலையில் புறப்படும் ஒருவன், விளக்கு வைக்கும் வேளைக்குப் பதுளைக் கடைவீதியை அடைந்துவிடுவான். ஆயினும் அந்தத் தூரத்தைக் கடக்கப் புகையிரதத்துக்கு முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. பதுளை மக்கள் தம் ஊரிலே அதன் ஊதல் ஒலியைக் கேட்டது 1924ஆம் ஆண்டிலேதான்.

ஏன் இந்தத் தாமதம்? மலை என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. பட்டிப்பொலவுக்கு அருகே 6,226 அடி உயரத்தை எட்டும் பாதை, அங்குள்ள சுரங்கத்தைக் கடந்து ஊவாவுக்குள் இறங்குகிறது. அதன்பின் நாற்பது மைல் சொச்சத்துக்குள் நாலாயிரம் அடிக்கு மேல் கீழே வரவேண்டும். ஆனால் கடுகண்ணாவை மலையும் மலைதான். கொழும்பிலிருந்து கண்டிக்குச் சென்ற பாதை அம்மலையை ஏறி 1867இலேயே கண்டியை அடைந்துவிட்டது. எனவே மலையை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பாதை யாருக்குச் சொந்தம், அதனை நீட்டுவதற்கு அனுமதி தரும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அனுமதி கேட்டவர்கள் எதனை எடுத்துக்காட்டிக் கேட்டார்கள் என்பவற்றையும் ஆராய வேண்டும். அந்த ஆராய்ச்சி பதுளையில் தொடங்குவதன்று. இலண்டன் மாநகரில், ஒரு கம்பனியின் பங்குதாரர் நடுவே தொடங்குவது.

1845ஆம் ஆண்டில் இலங்கைப் புகையிரதக் கம்பனி என்னும் தாபனம் இலண்டனில் நிறுவப்பட்டது. அதன் தலைவர் பிலிப் அன்ஸ்ட்ரதர். இவர் முன்னர் இலங்கையிலே குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாக இருந்தவர். அரசாங்க உத்தியோகத்தரே கோப்பித் தோட்டம் வைத்திருந்த காலம் அது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்களுக்கு, விளைந்த கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்ப்பதே பெருங்கவலையாக இருந்தது. மாட்டு வண்டிகள் வாரக்கணக்கில் நடந்தன. மழைக்காலத்தில் வழியிலேயே மாடுகள் மடிந்தன. மூட்டைகள் நனைந்து கெட்டன. புகையிரதம் வேண்டுமென்று முதலில் குரல் எழுப்பியவர்கள் இத்தோட்டச் சொந்தக்காரரும் அவர்களுடன் கொடுக்கல் வாங்கல் செய்த வணிகருமே.

கம்பனி தோன்றிய சிறிது காலத்துக்குள் பிரித்தானியாவிலே வணிக நெருக்கடி ஏற்பட்டது. கோப்பியின் விலையும் சரிந்தது. தோமஸ் டிறேன் என்பவர் ஆரம்ப அளவைகளைச் செய்திருந்தும் முயற்சி உறங்கிப்போயிற்று. 1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் அதனை மீண்டும் எழுப்பினார். மறு ஆண்டில் அரசாங்கத்துக்கும் கம்பனிக்குமிடையே ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. பங்குதாரர் பணம் போடுவார்கள். அப்பணத்துக்குக் குறித்த வட்டி கிடைக்குமென்று அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கும். பாதை இலாபம் தந்தால் நன்று. நட்டம் வந்தால் வட்டியைத் திறைசேரி கொடுத்துத் தீரவேண்டும். இந்தச் சுமையைத் தாங்கும்பொருட்டு ஏற்றுமதியாகும் கோப்பியின்மீது தீர்வை விதிக்கப்பட்டது. இந்தியாவிலும் இதே முறையில்தான் கம்பனிகள் பாதைகள் அமைத்து வந்தன. நட்டத்தைப் பிறர் தலையில் வைக்கலாம் என்னும்போது சிக்கனத்திலே கருத்துச் செலுத்துவோர் எத்தனை பேர்?

கப்டன் மூர்சம் என்னும் பொறியியலாளர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். கண்டிக்குச் செல்லக்கூடிய ஆறு வழிகளை ஆராய்ந்து, கடுகண்ணாவை வழியே சிறந்ததென்று 1857இல் அவர் அறிக்கை கொடுத்தார். அவர் கூறிய செலவு 8,56,557 பவுண். 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 3ஆம் திகதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். ஆனால் வேலையை ஏற்ற டொயின் என்னும் பொறியியலாளர் மீண்டும் கணக்குப் பார்த்தபோது, தொகை 22 லட்சம் பவுணுக்கு மேல் சென்றது. ஒரு வீட்டைக் கட்டப் புகுந்தவன், அத்திவாரம் வெட்டும்போதே மூன்று வீட்டுக்கான செலவு வருமென்று அறிந்த கதை இது.

1861இல் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. கம்பனியுடன் செய்த ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டது. பங்குதாரர் செலுத்திய மூலதனம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வேலையை அரசாங்கமே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு புகைவண்டிகூட ஓடாத பாதை ஒன்று இவ்வாறு கைமாறியது. இலங்கையின் முதலாவது புகையிரத விற்பனை என்று இதனைக் கூறினால் அது மிகையாகாது. அடுத்த ஆண்டின் இறுதியில் வில்லியம் பேவியல் என்பவரின் கேள்விப் பத்திரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கில்போர்ட் மோல்ஸ்வர்த் பொறியியல் தலைமையை வகித்தார். சிங்களத் தொழிலாளரும் தென்னிந்தியத் தொழிலாளரும் கடுகண்ணாவைக் காட்டுக் காய்ச்சலில் மாண்டு மாண்டு அமைத்த பாதை கண்டியை அடைந்தது.

இந்த விற்பனையிலே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. பிற நாடுகளில் ஒரு பாதையை விற்பவன் ஒருவன், வாங்குபவன் மற்றொருவன், அதற்கு இசைவு தருபவர் மூன்றாமவர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1887இல் மாநிலங்களுக்கிடை வணிக ஆணைக்குழு தோன்றியது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், ஒரு பாதையைக் கைவிட விரும்பும் கம்பனியும் அந்த ஆணைக்குழுவின் அனுமதியைப் பெறவேண்டியிருந்தது. பாதையோரத்து ஊரார் அங்கே சென்று தம் வழக்கை எடுத்துரைக்கலாம். சிற்றூர் ஒன்றுக்குச் செல்லும் குறும்பாதையாயினும் சரி, கேள்வி கேட்காமல் தண்டவாளத்தைப் பெயர்க்க முடியாது. 1996 முதல் இப்பணி வேறொரு சபையிடம் இருக்கிறது. இலங்கையிலோ வாங்கியதும் அரசாங்கம், இசைவு கொடுத்ததும் அரசாங்கம். சட்டநிரூபண சபை என்று ஒன்று இருந்தது. அதிலே உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர் அறுவரே இருந்தனர். மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொருவர். உத்தியோகத்தரோ எண்ணிக்கையில் மிகுதி. பணத்தைப் பற்றிய இறுதிச் சொல் இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு மந்திரியுடையது. இராணுவச் செலவுப் பிரச்சினையில் தம் பேச்சுக்கு மதிப்பில்லை என்று கண்டு, 1864இல் அந்த அறுவரும் ஒருங்கே பதவி துறந்தமை அச்சபையின் வலிமையை அளந்து காட்டும்.

இனி ஒவ்வொரு மைலும் அந்த ஒரே வாயிலின் வழியாகவே செல்லவேண்டியதாயிற்று. அளவை செய்யவேண்டும், செலவுக் கணக்குப் போடவேண்டும், சபையில் வைக்கவேண்டும், கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்பவேண்டும், அங்கிருந்து விடை வரவேண்டும், அதன்பின் கடன் வாங்கவேண்டும். கம்பனி இருந்திருந்தால் பாதை விரைவாக வந்திருக்குமோ என்று கேட்பவர் உண்டு. வந்திருக்கலாம். ஆனால் அதன் வட்டியைக் கட்டித் தீவே இளைத்திருக்கும். அரசாங்கம் வாங்கியதைப் பிழையென்று கூற இடமில்லை. வாங்கியபின் யாரிடமும் கணக்குக் காட்டாமல் இருந்ததே பிழை.

கண்டியை அடைந்த பாதை தெற்கே திரும்பி 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. ஊவாவோ மலைக்கு அப்பால் இருந்தது. அங்கும் கோப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. பதுளையில் உதவி அரசாங்க ஏசண்டாக இருந்த மேஜர் றொஜர்ஸ், தெருக்கள் அமைப்பதில் ஊக்கம் காட்டியவர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பதும் அவர் புகழ் அல்லது இகழ். 1845இலே அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். அவர் காலத்துக்குப் பின்னும் ஊவாவின் கோப்பி மாட்டு வண்டியிலேதான் சென்றது. அப்புத்தளைக் கணவாயில் இறங்கி, பலாங்கொடை வழியே இரத்தினபுரி நோக்கிச் செல்லும் தெருவிலே வண்டிகள் வரிசை வரிசையாக ஊர்ந்தன.

அந்த நிலையிலேதான் கோப்பிக்கு நோய் வந்தது. இலையின் அடியிலே செம்மஞ்சள் பொடி படிந்து, இலை உதிர்ந்து, செடி வெறுங்குச்சியாகும் நோய் அது. 1869இல் இலங்கையில் முதன்முதல் அது கண்டறியப்பட்ட இடம் ஊவாவின் மடுல்சீமை. பசறைக்கு அப்பாலுள்ள அம்மலையிலிருந்து பரவிய பூஞ்சணம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தீவின் செல்வத்தையே தின்றுவிட்டது. 1884ஆம் ஆண்டு மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நாணயத் தாள்களை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றபோது, அவற்றுக்கு அரசாங்கமே பொறுப்பென்று அறிவித்து நாட்டைக் காத்தார் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன். மறு ஆண்டில் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. அதுவரை கோப்பியை நம்பிக் கேட்ட பாதை, கோப்பி அழிந்தபின் வந்து சேர்ந்தது.

நானுஓயாவிலே எட்டாண்டுகள் பாதை நின்றது. வருமானம் வீழ்ந்த நாட்டுக்குப் புதிய கடன் எதற்கு என்பது பணத்தைக் காப்போரின் வாதம். பாதை வந்தாலன்றி வருமானம் எழாது என்பது ஊவாத் துரைமாரின் வாதம். கோர்டன் இரண்டாவது வாதத்தின் பக்கம் நின்றார். மத்திய மாகாணத்தின் பகுதியாக இருந்த ஊவாவை 1886இல் தனி மாகாணமாக்கியவரும் அவரே. தனி மாகாணத்துக்குத் தலைநகர் பதுளை. தலைநகருக்குப் புகையிரதம் இல்லை. இதற்கிடையே தேயிலை வேரூன்றியது. 1867இலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட பயிர், இப்போது கோப்பி நின்ற மலைகளையெல்லாம் மூடத் தொடங்கியது. 1890இலே தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளைக்கு வந்தது, மறு ஆண்டு பண்டாரவளைக்கு வந்தது, வந்து நின்றது.

பண்டாரவளைக்கு அப்பால் பாதை எல்ல, தெமோதரை, ஊடுவரை, ஹாலிஎல வழியாக ஏறக்குறைய இரண்டாயிரம் அடி இறங்குகிறது. 44 அடி சென்றால் ஓரடிக்கு மேல் இறங்கலாகாது என்பது இப்பாதையின் விதி. தெமோதரையில் அவ்விதிக்குள் அடங்காத பள்ளம் எதிர்ப்பட்டது. அங்கே பாதையை ஒரு குன்றைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து, புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டிச் செலுத்தினர். மேலே நிலையத்தில் நின்ற வண்டி சிறிது நேரத்தில் அதே நிலையத்தின் கீழே புகுந்து செல்வதைப் பிள்ளைகள் மட்டுமல்லர், முதியோரும் வியப்புடன் பார்ப்பர். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த வழியை அறிந்தார் என்று ஒரு கதை அப்பகுதியில் வழங்குகிறது. ஏட்டிலே ஏறிய வரலாறாக இதனைக் கொள்வதற்கில்லை. ஆயினும் அந்தப் பாதையின் கதையில் தோட்டத் தமிழர் ஒருவருக்கு இடம் கொடுப்பது இக்கதை ஒன்றுதான்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்ட அப்பாலத்தில் உருக்கு இல்லை. கல்லும் செங்கல்லும் சீமெந்துமே அதனைத் தாங்குகின்றன. முதலாவது உலக யுத்தம் நடுவே வந்து போயிற்று. 1924இல் பாதை பதுளையில் முடிந்தது. கொழும்பிலிருந்து அது 181 மைல்.

இந்த நெடிய விண்ணப்பங்களில் எல்லாம் எண்ணப்பட்டவை எவை? கீழே இறங்கும் கோப்பி மூட்டையும் தேயிலைப் பெட்டியும், மேலே ஏறும் அரிசி மூட்டையும். அந்த அரிசியை உண்பவர் எவர்? தேயிலைப் பெட்டியை நிரப்பியவர் எவர்? இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைக்கு மலை ஏறி ஊவாவை அடைந்தவர்கள். வழியில் விழுந்தவர்க்குக் கணக்கில்லை. கோப்பி மூட்டையின் வண்டிக் கூலி சட்டசபையில் பேசப்பட்ட அளவுக்கு அந்த நடை பேசப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கட்டு வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு உலோகத் துண்டு அது. அதனைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர் கையில் காசில்லாமலே ஊரிலிருந்து தோட்டம் வரை வரலாம். செலவு தோட்டத்தின் பற்றிலே எழுதப்படும். தோட்டத்தின் பற்று தொழிலாளியின் கடனாகும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. தனுஷ்கோடி வரை அவர்களை ஏற்றிவந்தது தென்னிந்திய ரெயில்வேக் கம்பனியின் வண்டி. அக்கம்பனியின் பாதையை அரசாங்கம் முன்னரே விலைக்கு வாங்கிவிட்டபோதிலும், வண்டியை ஓட்டும் குத்தகை 1944 வரை கம்பனியிடமே இருந்தது. இக்கரையில் அவர்கள் ஏறியது அரசாங்க வண்டி. அக்கரையில் கம்பனி, இக்கரையில் அரசாங்கம். இரண்டிலும் அவர்கள் மூன்றாம் வகுப்பு. தோட்டத்தார் அவ்வண்டியைக் கோச்சி என்றழைத்தனர். பண்டாரவளையில் கோச்சியை விட்டிறங்கியவர்கள், பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் மூட்டையைச் சுமந்து நடந்தனர்.

பதுளைக்குக் கோச்சி வந்த அதே காலத்தில் வேறு சிலவும் நிகழ்ந்தன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் தொழிலாளியின் கடனைச் சீட்டிலே எழுதிக் கைமாற்றும் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. துண்டு என்பதும் ஒரு விற்பனைப் பத்திரந்தான். ஒரு துரை மற்றத் துரைக்குக் கடனை விற்கக் கடன்பட்டவன் கூடவே செல்வான்; அவனுடைய இசைவு கேட்கப்படுவதில்லை. 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்கீழ் சட்டநிரூபண சபையிலே இந்தியருக்கு இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. சிறிது காலத்தில் கோ. நடேசய்யர் அச்சபைக்குள் நுழைந்து தோட்டத் தொழிலாளரின் குறைகளைப் பேசலானார். புகையிரதம் பற்றிய பெரிய அனுமதிகள் எல்லாம் வழங்கப்பட்டு முடிந்தபின் அந்தக் குரல் சபைக்கு வந்தது.

அரசாங்கமே வாங்குவோனும் அனுமதிப்போனுமாக இருந்ததன் மறுபக்கத்தை ஊவாவின் எல்லையில் உள்ள உடப்புசல்லாவைப் பகுதியினர் கண்டனர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற இரண்டரை அடி அகலக் குறும்பாதை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 19 மைல். லொறியும் பஸ்ஸும் மலைத் தெருக்களில் ஏறியதும் அதன் வருமானம் தேய்ந்தது. 1940களில் அது மூடப்பட்டது, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. இன்று அதன் தடத்தைத் தேடுவோர் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு மேட்டையும், நிலையமாக இருந்த கட்டடத்தையுமே காண்பர்.

பதுளைப் பாதைக்கு அந்தக் கதி நேரவில்லை. தேயிலைப் பெட்டிகள் லொறிக்கு மாறியபின்னும் மனிதரை ஏற்றி அது ஓடியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று தொகை பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் பாதிக்குப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. அம்மக்களுள் எவரையும் கேட்டு அத்தொகைகள் எழுதப்படவில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தமையால், கப்பல் இராமேசுவரத்துக்குச் செல்லத் தொடங்கியது.

அதன்பின் இருபது ஆண்டுகளாகப் பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை நிலையங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. தகரப் பெட்டியும் பாய்ச்சுருளும் அம்மியுமாக ஒரு குடும்பம் மேடையில் நிற்கும். பெயர் ஒரு பட்டியலில் இருக்கும். தம்பியின் பெயர் மற்றப் பட்டியலில் இருக்கும். கோச்சி அசைந்ததும் எழும் அழுகுரல் அடுத்த வளைவு வரை கேட்கும். மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார். பொல்காவலையில் கொழும்பு வழியைவிட்டுப் பிரிந்து, மதவாச்சி வழியாக அவ்வண்டிகள் தலைமன்னார் சென்றன. உள்நாட்டுப் போரினால் 1984இல் கப்பற் சேவை நின்றது. பட்டியலில் பெயர் இருந்தும் புறப்படாதிருந்தவர்கள் பதுளை மலைகளிலேயே தங்கினர்.